பீடத்தருகே நம் பாடகர்
(வெள்ளிவிழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



இக்கருத்தரங்கில் விடுதிகளைப் பற்றியும், உயர்கல்வியைப் பற்றியும், வேலைவாய்ப்பைப் பற்றியும் அறிஞர்கள் பலர் பேசினர். கோவில்களில் பாட்டுப் பாடித் திரிகின்ற எங்களுக்கு இம்மேடையில் என்ன வேலை என்று சிலர் எண்ணக்கூடும். எண்ணுவதில் தவறில்லை. ஆயினும், இசை என்பதும் ஒரு கல்வியே. அக்கல்வி யாருக்குக் கிட்டியது, யாருக்குக் கிட்டவில்லை என்று ஆராய்ந்தால், இக்கழகம் இருபத்தைந்து ஆண்டுகளாக எந்தக் கேள்வியைக் கேட்டு வருகின்றதோ அதே கேள்வியில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கின்றது. தமிழகக் கத்தோலிக்கருள் பெரும்பான்மையினர் தலித் மக்கள். அப்பெரும்பான்மையினரின் பிள்ளைகளுள் எத்தனை பேர் தங்கள் பங்குக் கோவிலில் ஆர்மோனியத்தின் முன் அமர்ந்திருக்கின்றனர் என்பதை உங்கள் ஊர்களுக்குத் திரும்பியதும் எண்ணிப் பாருங்கள்.

நம் தெருக்களில் முதன்முதல் கோவில் இசைஞராக விளங்கியவர் உபதேசியார். குருவானவர் மாதத்திற்கு ஒருமுறையோ, இரண்டு மாதத்திற்கு ஒருமுறையோ வந்துபோன அந்நாட்களில், செபம் சொல்வித்தவரும், பிள்ளைகளுக்கு மந்திரம் கற்பித்தவரும், சாவு வீட்டில் பாடியவரும், திருநாளில் பாட்டைத் தொடங்கியவரும் அவரே. ஊதியம் அற்பம், நெல்லாகவோ கம்பாகவோ கிடைத்தது பாதி. அவருக்குச் சுரம் எழுதப் படிக்கத் தெரியாது. தம் குருநாதரிடம் செவிவழியாகக் கேட்டதைச் செவிவழியாகவே கொடுத்தார். பெண்களுக்குப் பாட்டுச் சொல்லித் தந்தவர் பெரும்பாலும் அவருடைய மனைவியார். பெரிய வெள்ளியன்று மாதாவின் துயரத்தை ஒப்பாரி மெட்டில் நம் தாய்மார்கள் பாடக் கேட்டவர்கள், அந்த இசைக்குப் பள்ளிக்கூடம் எங்கே இருந்தது என்று கேட்டதில்லை. அது நம் வீட்டுத் திண்ணையில் இருந்தது. அதற்குப் பள்ளி என்று பெயரிட ஆள் இல்லை, அவ்வளவுதான்.

மறுபுறம், திருச்சபை இசைக்கென்று வகுத்த சட்டங்கள் இருந்தன. 1903ஆம் ஆண்டில் திருத்தந்தை பத்தாம் பத்திநாதர் கோவில் இசை பற்றி ஓர் ஆணை வெளியிட்டார். கிரகோரியன் இசையைத் தலைமை இடத்தில் வைத்த அவ்வாணை, பியானோவையும், முரசு, தாளம் போன்ற இரைச்சலான கருவிகளையும் கோவிலுக்குள் விலக்கியது. ஐரோப்பாவில் நாடகக் கொட்டகை இசை கோவிலுக்குள் புகுந்துவிட்டதைத் தடுப்பதே அதன் நோக்கம். எனினும், நாடக இசையையே கண்டறியாத நம் சிற்றூர்களுக்கும் அதே ஆணைதான் வந்தது. இலத்தீன் சொற்களைப் பொருள் அறியாமலே மனப்பாடமாகப் பாடிய நம் பெரியவர்கள், ஒரு சுரம் பிசகாமல் பாடினார்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். கற்கும் ஆற்றல் நமக்கு இல்லை என்று கூறுவோர்க்கு அதுவே போதிய விடை.

1963ஆம் ஆண்டு டிசம்பர் 4ஆம் நாள் இரண்டாம் வத்திக்கான் சங்கம் வழிபாடு பற்றிய சாசனத்தை வெளியிட்டது. அதன் ஆறாம் அதிகாரம் முழுவதும் இசை பற்றியது. பாடற்குழுக்களை வளர்க்க வேண்டும், குருமடங்களிலும் பள்ளிகளிலும் இசை கற்பிக்க வேண்டும், பாடகர்களுக்கும் பாடல் இயற்றுவோர்க்கும் உண்மையான வழிபாட்டுப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று அது கூறுகின்றது. மறைபரப்பு நாடுகளின் மக்களுக்குத் தமக்கே உரிய இசை மரபு உண்டென்றும், அதற்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றும் கூறுகின்றது. 1967ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் வெளிவந்த திரு இசை பற்றிய போதனை, பாடகர்க்கு இசைப் பயிற்சி மட்டும் போதாது, வழிபாட்டுப் பயிற்சியும் ஆன்மிகப் பயிற்சியும் வேண்டும் என்று வற்புறுத்தியது. ஏட்டளவில் கதவு திறந்தாயிற்று. அக்கதவின் வழியே யார் உள்ளே சென்றார்கள் என்பதே நாம் பார்க்க வேண்டியது.

பூசை தமிழாயிற்று. திடீரெனத் தமிழ்ப் பாடல்களுக்குப் பெருந்தேவை ஏற்பட்டது. வருகைப் பாடல், பதிலுரைப் பாடல், காணிக்கைப் பாடல், திருவிருந்துப் பாடல் என்று குருக்களும் பொதுநிலையினரும் ஆர்வத்தோடு இயற்றினர். அவற்றுள் பல இன்றும் வாழ்கின்றன. பின்னர் ஒலிநாடாக்கள் வந்தன. அதன் பின் மின்னிசைப் பலகை வந்தது. பயிற்சி இல்லாத இடத்தில் ஒலிநாடாவே ஆசானாக அமர்ந்துகொண்டது. நிலையத்தில் தேர்ந்த பாடகர் ஒருவர் தனியே பாடுவதற்கென்று அமைந்த மெட்டை, ஐந்நூறு பேர் கூடிப் பாட வேண்டிய இடத்தில் வைத்தனர். மேல் ஸ்தாயிக்கு ஏறும் இடத்தில் மக்கள் வாய் மூடிக்கொள்கின்றனர். பக்தி குறைந்துவிட்டது என்று பிரசங்கத்தில் கடிந்துகொள்கின்றனர். பக்தி குறையவில்லை, ஐயா, கட்டை உயர்ந்துவிட்டது.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். ஆண்களின் குரல் பெரும்பாலும் ஒன்று முதல் இரண்டு கட்டைச் சுருதியில் இயல்பாக நிற்கும். பெண்களின் குரல் ஐந்து, ஐந்தரை, ஆறு என்று நிற்கும். பாட்டைத் தொடங்குகிறவர் தம் குரலுக்கு ஏற்ற கட்டையைப் பிடித்துக்கொண்டால், சபையில் ஒரு பாதி தவிக்கும். எல்லாரும் பாடும் பாட்டு ஒரு ஸ்தாயிக்குள் அடங்க வேண்டும். அதற்கேற்ற சுருதியை முன்கூட்டியே பார்த்துக் குறித்துவைக்க வேண்டும். பொத்தானை அழுத்தினால் சுருதி மாறும் கருவியை வாங்கித் தந்துவிட்டு, எந்தச் சுருதிக்கு மாற்றுவது என்று கற்பிக்காமல் விட்டால் என்ன பயன்? தாளத்தையும் அக்கருவியே கொட்டிவிடுகின்றது. தவக்காலத்தில் பாட்டுக்குத் துணையாக மட்டுமே கருவி ஒலிக்கலாம் என்பது சட்டம். அச்சட்டம் உண்டென்பதே பல குழுக்களுக்குத் தெரியாது. சொல்லித் தர ஒருவரும் வரவில்லை என்பதே காரணம்.

பயிற்சி நிலையங்களே இல்லை என்று நாங்கள் கூறவில்லை. 1967ஆம் ஆண்டில் பெங்களூரில் இந்திய ஆயர் பேரவையின் விவிலிய, மறைக்கல்வி, வழிபாட்டு நடுநிலையம் தோன்றியது. நம் புதுவைப் பகுதியைச் சேர்ந்த அருட்தந்தை அமலோர்பவதாஸ் அதன் முதல் இயக்குநர். திருச்சியில் 1977ஆம் ஆண்டு அருட்தந்தை எஸ். எம். ஜார்ஜ் தொடங்கிய கலைக்காவிரி, பின்னர் நுண்கலைக் கல்லூரியாக வளர்ந்து, இசையிலும் பரதத்திலும் பட்டம் வழங்குகின்றது. இவை அரும்பணிகள், மறுப்பார் இல்லை. ஆயினும், இந்தியத்தன்மை என்று கூறி வழிபாட்டுக்குள் எடுத்துக்கொண்டவை எவை என்று பாருங்கள். 1969ஆம் ஆண்டில் உரோமை ஒப்புதல் அளித்த பன்னிரு மாற்றங்களில் ஆரத்தியும் குத்துவிளக்கும் பொன்னாடையும் இடம்பெற்றன. இசையில் கருநாடக இசை இடம்பெற்றது. இந்திய இசை என்றால் கச்சேரி மேடையின் இசை என்று கொண்டார்களேயன்றி, வயலில் நாற்று நட்டவளின் இசை என்று கொள்ளவில்லை. மாயூரம் வேதநாயகம் பிள்ளையின் கீர்த்தனைகளை நாங்கள் விரும்பிப் பாடுகின்றோம். எங்களுக்கு இராகங்களோடு பகை இல்லை. இராகம் தெரியாதவனுக்கு இசையே தெரியாது என்று கொள்வதைத்தான் மறுக்கின்றோம்.

இனிப் பறையின் பேச்சுக்கு வருவோம். தவிர்க்க முடியாத பேச்சு இது.

சங்கச் சாசனத்தின் 120ஆம் எண், புனிதப் பயனுக்கு ஏற்ற கருவிகளையும், அப்பயனுக்கு ஏற்றவையாக ஆக்கத்தக்க கருவிகளையும் வழிபாட்டில் ஏற்கலாம் என்கின்றது. ஆக்கத்தக்க என்னும் சொல்லைக் கவனியுங்கள். 1967ஆம் ஆண்டுப் போதனையின் 63ஆம் எண்ணோ, பொதுக்கருத்தாலும் பொதுவழக்காலும் உலகியல் இசைக்கு மட்டுமே உரியவை எனப்படும் கருவிகளை முற்றிலும் விலக்குகின்றது. பறை சாவுக்கு அடிப்பது; ஆகவே பீடத்தருகே ஆகாது என்று கூறுவோர் இந்த எண்ணைத்தான் சுட்டுகின்றனர். பொதுக்கருத்து என்கின்றார்களே, அது யாருடைய கருத்து? பறையைச் சாவுக்கும் தண்டோராவுக்கும் என்று ஒதுக்கியவர்கள் யார்? தொல்காப்பியம் ஒவ்வொரு நிலத்திற்கும் உரிய கருப்பொருள்களுள் பறையையும் வைத்து எண்ணுகின்றது. உழவுக்கும் போருக்கும் விழாவுக்கும் ஒலித்த கருவி அது. அதை இழிவுக்குள் தள்ளியது தோலும் மரமும் அன்று, சாதி. மத்தளத்திலும் தோல்தான் இருக்கின்றது.

இவ்விடத்தில் நம்முள்ளேயே இரு கருத்துகள் உண்டு. பறையைத் தொடவே கூடாது, அது அடிமைச் சின்னம், உடைத்தெறிய வேண்டும் என்பார் ஒருசாரார். கூலியும் சோறும் தனியே வைத்து, வாசலுக்கு வெளியே நிறுத்தி அடிக்கச் சொன்ன கொடுமையை நேரில் கண்டவர்கள் அவர்கள். பல ஊர்களில் நம்மவர் இனிச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று கூடி முடிவெடுத்து, அதற்காக அடியும் உதையும் பட்டனர். அவர்களுடைய கோபத்தை அறியாமை என்று தள்ளும் துணிவு எங்களுக்கு இல்லை. பறை நம் கலை, அதை நிமிர்ந்து நின்று அடிப்போம் என்பார் மற்றொரு சாரார். எங்கள் கருத்து இது: கட்டாயம் ஒழிய வேண்டும், கலை இருக்க வேண்டும். பிறப்பினால் ஒருவன் பறையடிக்கக் கடமைப்பட்டவன் என்பது எவ்வளவு கொடிதோ, தலித் பிள்ளை என்றால் பறைதான் அவனுக்கு ஏற்றது என்று பயிற்சி நிலையம் தீர்மானிப்பதும் அவ்வளவு கொடிது. எங்கள் பிள்ளை வயலின் கேட்டால் வயலின் கொடுங்கள். ஊர்த்தெருப் பிள்ளை பறை கேட்டால், வைக்கோல் கொளுத்திக் காய்ச்சுவது முதல், இடக்கைச் சிண்டுக்குச்சியும் வலக்கை அடிக்குச்சியும் பிடிப்பது வரை நம் கலைஞர்களே ஆசான்களாக இருந்து கற்பிக்கட்டும். ஆசான் என்ற சொல் நம்மவர் பெயரோடு சேரட்டும்.

சேராமல் இல்லை. மதுரைப் பகுதிப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசான் அவர்களுக்கு 2025ஆம் ஆண்டில் இந்திய அரசு பத்மஸ்ரீ விருது அறிவித்தது. திண்டுக்கல்லில் அருட்சகோதரி சந்திரா என்னும் கத்தோலிக்கக் கன்னியர் 1990ஆம் ஆண்டையொட்டித் தொடங்கிய சக்தி கலைக்குழுவில், நம் சிற்றூர்ப் பெண்கள் ஒரே இடத்தில் தங்கிப் பறையும் ஆட்டமும் கற்று, மேடைகளில் அடித்துக் காட்டினர். பெண் கையில் பறையா என்று கேட்டவர்கள் வாயடைத்துப் போயினர். பொதுக்கருத்து மாறும் என்பதற்கு இவற்றினும் சான்று வேண்டா.

புரோட்டஸ்டண்டு சகோதரர்களிடமிருந்தும் கற்க வேண்டியது உண்டு. மதுரை அரசரடியிலுள்ள தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் ஆசிரியராக இருந்து 2005ஆம் ஆண்டில் மறைந்த தியோபிலஸ் அப்பாவு, பரட்டை என்ற பெயரில் நாட்டுப்புற மெட்டுகளில் முழு வழிபாட்டையே இயற்றினார். கீர்த்தனையைப் பாடகன் மாற்ற முடியாது, நாட்டுப்புறப் பாட்டைப் பாடுகிறவனே தன் ஊருக்கும் தன் துன்பத்திற்கும் ஏற்ப மாற்றிப் பாடலாம் என்பது அவர் கண்ட உண்மை. ஒரே உலையில் சமைத்துப் பகிர்ந்துண்ணுவதை இசையோடு சேர்த்தே அவர் கற்பித்தார். பாட்டு வகுப்புக்கும் சோற்றுப் பானைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பவர், நம் நாட்டில் யார் யாரோடு உண்கின்றனர் என்பதை மறந்தவராக இருக்க வேண்டும்.

நம்மைப் போன்றே ஒதுக்கப்பட்ட மற்றொரு கத்தோலிக்க மக்கள் இதே சிக்கலை எவ்வாறு எதிர்கொண்டனர் என்பதையும் சுருக்கமாகச் சொல்ல விரும்புகின்றோம். அமெரிக்கக் கறுப்பினக் கத்தோலிக்கரைக் குறிப்பிடுகின்றோம். தங்கள் கோவில்களில் பின்வரிசையில் உட்கார வைக்கப்பட்டவர்கள் அவர்கள். தங்கள் முன்னோர் அடிமை வயல்களில் பாடிய பாடல்கள் கத்தோலிக்க வழிபாட்டிற்கு ஏற்றவை அல்ல என்று அவர்களுக்கும் சொல்லப்பட்டது. 1956ஆம் ஆண்டில் சின்சினாட்டி உயர்மறைமாவட்டத்தின் முதல் கறுப்பினக் குருவாகத் திருநிலை பெற்ற கிளாரன்ஸ் ரிவர்ஸ், அம்மக்களின் இசையைக் கொண்டே பாடல்கள் இயற்றினார். 1964ஆம் ஆண்டு செயின்ட் லூயிஸ் நகர வழிபாட்டு மாநாட்டில், ஆங்கிலத்தில் நடந்த திருப்பலியில் அவர் பாட்டு ஒலித்தபோது கூடியிருந்தோர் எழுந்து நின்று நெடுநேரம் கையொலி எழுப்பினர்.

அதோடு அவர்கள் நிற்கவில்லை என்பதே நமக்குப் பாடம். ஒரு மேதை தோன்றினான், மகிழ்ந்தோம் என்று வீட்டுக்குப் போய்விடவில்லை. 1980ஆம் ஆண்டில் நியூ ஆர்லியன்சிலுள்ள சேவியர் பல்கலைக்கழகத்தில் கறுப்பினக் கத்தோலிக்கக் கல்விக்கென்று ஒரு நிலையம் கண்டனர். கோடைதோறும் பல ஊர்களிலிருந்தும் வந்து, கூடிக் கற்று, கூடிப் பாடித் திரும்பினர். 1987ஆம் ஆண்டில் தங்களுக்கென்று ஒரு பாடல் நூலை வெளியிட்டனர். அந்நிலையத்தில் கற்பித்த அருட்சகோதரி தியா போமன், புற்றுநோயால் நலிந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே 1989ஆம் ஆண்டில் அமெரிக்க ஆயர்கள் அனைவர் முன்னிலையில் பேசினார். பேச்சை முடிக்கும்போது அவ்வாயர்களை எழுந்து நிற்கச் செய்து, கைகோத்துப் பாட வைத்தார். மறு ஆண்டு அவர் மறைந்தார். ஆயர்கள் பாடகர்க்குக் கற்பிப்பது வழக்கம். அன்று பாடகி ஆயர்களுக்குக் கற்பித்தாள்.

நம் நிலைக்குத் திரும்புவோம். பயிற்சி ஒருபுறம் இருக்க, தோழமை என்பது நம் பாடற்குழுக்களிடையே அரிதாக இருக்கின்றது. ஒரே பங்கில் ஊருக்கு ஒரு குழு, தெருவுக்கு ஒரு குழு என்று இரண்டு இருப்பதைப் பலரும் அறிவீர்கள். வார நாள் பூசைக்கும் அடக்கப் பூசைக்கும் தெருக்குழு பாடும். ஆயர் வரும் திருவிழாப் பூசைக்கு ஊர்க்குழு பாடும். எழுதப்படாத இவ்வேற்பாட்டை எதிர்த்துக் கேட்டால், அவர்கள் பயிற்சி பெற்றவர்கள், நீங்கள் பெறவில்லை என்று மறுமொழி வரும். பயிற்சி பெற வாய்ப்புக் கொடுங்கள் என்று கேட்டால், முதலில் நன்றாகப் பாடிக் காட்டுங்கள் என்பார்கள். கிணற்றில் இறங்கவும் விடாமல், நீந்தக் கற்றபின் இறங்கு என்றால் எப்படி? நெல்லை மாவட்டம் வடக்கன்குளத்தில், சாதியார் ஒருபுறமும் மற்றவர் ஒருபுறமும் நின்று ஒரே பீடத்தைக் காணும்படி, இரு சிறகுகளாகக் கோவில் கட்டப்பட்டது 1872ஆம் ஆண்டில். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே அப்பிரிவினை அகற்றப்பட்டது. தமிழகத்து ஆயர்களிடம் 2003ஆம் ஆண்டு நவம்பரில் பேசிய திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், கிறித்தவர்களிடையே சாதி வேற்றுமைக்கு இடமில்லை என்று தெளிவாகவே கூறினார். சுவர் எழுப்பாமலே இரு சிறகாகப் பாடும் கோவில்கள் இன்னும் உண்டு.

குற்றம் எல்லாம் மறுபுறத்தில்தான் என்றும் சொல்ல மாட்டோம். நம் குழுக்கள் ஒன்றோடொன்று பாட்டுப் போட்டியில் மட்டுமே சந்திக்கின்றன. கேடயம் வென்றவர் தோற்றவரோடு பேசுவதில்லை. புதிதாக ஒரு பாட்டைக் கற்றால் அடுத்த ஊருக்குத் தெரியாமல் மறைத்து வைக்கின்றனர். ஒலிவாங்கியைப் பிடித்தவர் அதை விடுவதில்லை. இதை நாங்கள் சொல்லவும் வேண்டுமோ? தனியே பயிற்சி பெற்ற ஓர் இளைஞன், தன்னோடு சேர்ந்து பாடத் தோழர் இன்மையால், திருமண வீடுகளில் வாசித்துப் பிழைக்க நகரத்திற்குப் போய்விடுகின்றான். அவனைக் குறை கூற எங்களுக்கு மனம் வரவில்லை. பாடற்குழுவினர்க்கு ஊதியம் இல்லை. அவனுக்கு வயிறு உண்டு.

ஆகவே கல்விக் கழகத்திடம் எங்கள் வேண்டுகோளை வைக்கின்றோம். வரும் மே மாத விடுமுறையில் பத்து நாட்கள், கழகத்தின் விடுதியை எங்களுக்குத் தந்து உதவுங்கள். தெருக்குழு, ஊர்க்குழு என்ற வேறுபாடின்றி ஒவ்வொரு குழுவிலிருந்தும் நால்வர் வரட்டும்; அந்நால்வருள் இருவரேனும் பெண்களாக இருக்கட்டும். காலையில் சுரமும் சுருதியும்; கட்டை பார்த்துப் பாட்டைத் தொடங்கும் முறை. முற்பகலில் வழிபாட்டு ஆண்டும், பூசையின் எப்பகுதி மக்களுக்கு உரியது, எது குழுவிற்கு உரியது என்ற தெளிவும். பிற்பகலில் விரும்பிய கருவி. மாலையில் நம் ஊர்ப் பெரியவர்களை, குறிப்பாகப் பழைய உபதேசியார் குடும்பத்துத் தாய்மார்களை அழைத்து, அவர்கள் நினைவிலிருக்கும் பாடல்களைப் பாடச் செய்து பதிவு செய்வோம். அவர்களுள் பலர் எண்பதைக் கடந்தவர்கள். இவ்வேலை அடுத்த ஆண்டிற்குத் தள்ளிப்போடத் தக்கதன்று. முகாம் முடிந்தபின், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு குழு மற்றொரு குழுவின் கோவிலுக்குச் சென்று, அவர்களோடு சேர்ந்து பாடி, அவர்கள் தெருவில் உண்டு திரும்ப வேண்டும். உண்ண மறுக்கும் குழு அடுத்த முகாமுக்கு வரத் தேவையில்லை.

செலவைப் பற்றி ஆட்சிக்குழுவினர் கேட்பது முறையே. அரிசியும் பருப்பும் குழுக்களே கொண்டுவரும். பயிற்றுநர் சிலர் பயணச் செலவு மட்டும் பெற்றுக்கொண்டு வர இசைந்துள்ளனர். எனினும் பறை கற்பிக்கும் ஆசான்களுக்கு மற்றப் பயிற்றுநர்க்கு இணையான மதிப்பூதியம் தர வேண்டும் என்பதில் நாங்கள் விட்டுக்கொடுப்பதாக இல்லை. அதற்காக மட்டும் கழகத்தின் உதவியை நாடுகின்றோம். விடுதியில் இரு பெரிய அறைகள் போதும். பின்முற்றத்தில் பறை காய்ச்ச வைக்கோல் கொளுத்தச் சிறிது இடம் வேண்டும். புகை வகுப்பறைப் பக்கம் வராதபடி பார்த்துக்கொள்வோம். விருப்பமுள்ள குழுத் தலைவர்கள் இக்கூட்டம் முடிந்ததும் வாயிலருகே வைத்துள்ள ஏட்டில் தங்கள் பங்கின் பெயரையும், வருவோர் தொகையையும் எழுதிவிட்டுச் செல்லுமாறு கேட்டுக்கொள்கின்றோம்.